சேலம் ஜில்லா பிறந்த கதை

மலையும் நதியும் போல ஜில்லாவும் ஆதி முதல் இருந்து வருவதென்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். ஆனால் சேலம் ஜில்லாவுக்குப் பிறந்த வருஷம் ஒன்று உண்டு; அதன் ஜாதகத்தை எழுதியதோ ஒரு யுத்தம்.

1792-ஆம் வருஷத்து ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையினால் திப்பு சுல்தான் தமது ராஜ்யத்தில் பாதியை இழந்தார். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் அபராதத்துக்கு ஈடாக, பெற்ற மக்கள் இருவரைப் பிணையாகவும் அனுப்பினார். கும்பினியாருக்குக் கிடைத்த பங்கில் பாராமகாலும் சேலத்துச் சீமையும் இருந்தன.

புதிய சீமையை ஆள வந்தவர் கப்டன் அலெக்ஸாண்டர் ரீட் என்னும் பட்டாளத்து அதிகாரி. சென்னைச் சிவில் உத்தியோகஸ்தர்களுக்கு நாட்டுப் பாஷை தெரியாதென்பதே கார்ன்வாலிஸ் பிரபு அவரைத் தேர்ந்ததற்குக் காரணம். அவருடைய உதவியாளருள் ஒருவரான தாமஸ் மன்ரோ 1799 வரை இங்கே வேலை பார்த்தார். தர்மபுரியில் தாம் வளர்த்த தோட்டத்தைப் பிரிய மனமின்றியே சென்றார்.

அவர்கள் முதலில் செய்த பெரிய காரியம் பள்ளிக்கூடமன்று, ஏரி மராமத்துமன்று; நில அளவை. வயல் வயலாக அளந்து தீர்வை விதித்தார்கள். இடையில் ஜமீன்தாரன் இல்லாமல் குடியானவனே ஸர்க்காருக்கு நேராகச் செலுத்துவதென்னும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருவாயிற்று. வேண்டிய நிலத்தை வைத்துக் கொண்டு வேண்டாததை விட்டுவிடலாம் என்று 1796-இல் ரீட் விளம்பரம் செய்தார்.

அவர் போனபின் காற்று மாறி வீசிற்று. ஜில்லாவின் பெரும் பகுதியை மிட்டாக்களாக வகுத்து ஏலம் போட்டார்கள். ஏலம் எடுத்தவர் பலர் கிஸ்தி கட்ட முடியாமல் நொடித்துப் போனார்கள். மன்ரோ 1820-இல் கவர்னரான பிறகு, ரயத்துவாரியே ராஜதானியின் பொது முறையாக நிலைத்தது.

இடைத்தரகன் ஒழிந்தது நன்மையே. ஆயினும் தீர்வையின் பளு குடியானவனை விட்டு நீங்கவில்லை. 1876 முதல் 1878 வரை வந்த தாது வருஷப் பஞ்சம் சேலம் ஜில்லாவைக் கடுமையாக வாட்டியது. அளந்த சங்கிலிக்கு வயலின் நீளம் தெரியும். உழுதவன் வீட்டுக் குதிரின் ஆழம் தெரியுமா?

அந்தப் பழைய ஜில்லாவிலிருந்து 1965-இல் தர்மபுரியும் 1997-இல் நாமக்கல்லும் பிரிந்தன. தர்மபுரியிலிருந்து 2004-இல் கிருஷ்ணகிரி பிரிந்தது. இவை வரி வசூலிக்க வந்த அந்நியர் வகுத்த எல்லைகள் அல்ல, நம்மவர் வகுத்தவை. ஆகவே அவற்றுள் வாழும் உழவனின் க்ஷேமத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களும் நாமே.