சென்னைச் சூரியனும் பஞ்சாங்க ராகுவும்

நம் மக்கள் ஒரு காரியத்துக்குப் புறப்படுமுன் யோசனை கேட்பது தங்கள் அறிவையல்ல. சுவரில் தொங்கும் காலண்டரையேயாகும். திங்கட்கிழமை 7½ முதல் 9 வரை ராகுகாலம், சனிக்கிழமை 9 முதல் 10½ வரை, வெள்ளிக்கிழமை 10½ முதல் 12 வரை என்று அதில் அச்சடித்திருக்கின்றது. அந்த ஒன்றரை மணி நேரத்தில் கடை திறக்கக் கூடாது, பெண் பார்க்கப் போகக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது என்கின்றார்கள். பிரசவ வலி எடுத்தவளைக் கூட "ஒன்பது அடிக்கட்டும்" என்று திண்ணையில் உட்கார வைப்பவர்களும் உண்டு. ஆகவே இந்த ஒன்றரை மணி எங்கிருந்து வந்தது, அதற்கு என்ன ஆதாரம் என்பதைச் சற்று யோசித்துப் பார்க்கும்படி வாசகர்களைக் கேட்டுக் கொள்ளுகின்றோம்.

பஞ்சாங்கக்காரர் சொல்லும் கணக்கு இதுதான்: சூரியன் உதிப்பது முதல் அஸ்தமிப்பது வரையுள்ள பகலை எட்டுப் பங்காக்கி, கிழமைக்கு ஒரு பங்கை ராகுவுக்கு எழுதி வைத்து விட்டார்கள். திங்கட்கிழமைக்கு இரண்டாம் பங்கு. காலை 6 மணிக்கு உதயம், மாலை 6 மணிக்கு அஸ்தமனம், பகல் 12 மணி நேரம், ஆகவே பங்கு ஒன்றுக்கு ஒன்றரை மணி. சரி, இந்தக் கணக்கைச் சூரியன் ஒப்புக் கொண்டிருக்கின்றதா?

சென்னையையே எடுத்துக் கொள்ளுவோம். ஜூன் மாத ஆரம்பத்தில் அங்கு சூரியன் உதிப்பது சுமார் 5 மணி 42 நிமிடத்துக்கு. ஜனவரி மாதக் கடைசியிலோ சுமார் 6 மணி 35 நிமிடத்துக்கு. ஜூன் 21ந் தேதி பகல் ஏறக்குறைய 12 மணி 54 நிமிடம். டிசம்பர் 21ந் தேதி 11 மணி 21 நிமிடம்தான். ஆக நெடும் பகலுக்கும் குறும் பகலுக்கும் ஒன்றரை மணிக்கு மேல் வித்தியாசம். ஆறுக்கு ஆறு என்று பஞ்சாங்கக்காரர் சொல்லும் பகல், செப்டம்பர் மாதக் கடைசியில் சில நாட்களுக்குத்தான் சென்னையில் உண்டு. மற்ற நாளெல்லாம் பொய்க் கணக்கு.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் தேவரும் அல்ல, அசுரரும் அல்ல. பூமியானது நேராக நின்று சுழலாமல், சாய்ந்த பம்பரத்தைப் போல் சுமார் 23½ டிகிரி சாய்ந்தபடியே சூரியனைச் சுற்றி வருகின்றது. நாம் வாழும் வடபாதி சூரியன் பக்கம் சாய்ந்திருக்கும் மாதங்களில் பகல் நீளுகின்றது. எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும் மாதங்களில் குறுகுகின்றது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் படிக்கும் சங்கதி இவ்வளவுதான்.

இப்போது பஞ்சாங்கக்காரரின் விதியையே வைத்துக் கணக்குப் போடுவோம். ஜனவரிக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை. 6 மணி 35 நிமிடத்துக்கு உதயம்; பங்கு ஒன்றுக்கு 86 நிமிடம். ஆகவே ராகு வருவது 8 மணிக்கு. போவது 9 மணி 27 நிமிடத்துக்கு. காலண்டரை நம்பி 9 மணி வரை காத்திருந்து 9 மணி 5 நிமிடத்துக்குப் புறப்பட்டவன் எங்கே போனான்? ராகுவின் வாயிலேயே போய் விழுந்தான்! 7½ மணிக்குப் பயந்து வீட்டிலிருந்தவனோ நல்ல நேரத்தை வீணாக்கினான். வருஷா வருஷம் லட்சக்கணக்கான பேர் இப்படியே புறப்பட்டுப் போய்ச் சுகமாகத்தானே திரும்பி வந்திருக்கின்றார்கள்? அப்படியானால் ராகுவுக்குச் சக்தி எங்கே?

"கணக்கறிந்த சாஸ்திரிகள் உதயத்தை வைத்தே ராகுகாலம் குறிக்கின்றார்கள்" என்று சிலர் சமாதானம் சொல்லுவதுண்டு. அப்படியானால் நாட்டில் இரண்டு ராகு இருக்கின்றார்களா? காலண்டர் ராகு ஒன்று, கணித ராகு ஒன்றா? சென்னைக்கும் கோயமுத்தூருக்கும் உதயத்தில் சராசரி சுமார் 13 நிமிடம் வித்தியாசம் இருக்க, இரண்டு ஊரிலும் ஒரே காலண்டர் தொங்குவானேன்? நார்வே நாட்டின் வடகோடியிலுள்ள டிராம்ஸோ நகரத்தில் டிசம்பர் மாதம் முழுதும் சூரியன் உதிப்பதேயில்லை. ஜூன் மாதம் முழுதும் மறைவதேயில்லை. அந்த ஊரில் ராகு எதை எட்டுப் பங்கு போடுவார்?

நிற்க, கடிகாரத்தின் சங்கதியையும் பார்ப்போம். சென்னைக்கென்று தனி மணி ஒரு காலத்தில் இருந்தது. 1906இல் இந்தியா முழுதுக்கும் ஒரே மணி என்று சர்க்கார் ஏற்படுத்தியதில், அதற்கும் சென்னை மணிக்கும் சுமார் 9 நிமிடம் வித்தியாசம். உலக யுத்தத்தின் போது 1942 செப்டம்பர் முதல் தேதி கடிகாரத்தையே ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, 1945 அக்டோபர் வரை அப்படியே வைத்திருந்தார்கள். சூரியன் ஒரு இம்மியும் நகரவில்லை. ராகு நகர்ந்தாரா என்று கேட்கின்றோம். நகர்ந்தார் என்றால் அவர் வெள்ளைக்கார சர்க்காரின் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்த சேவகர். நகரவில்லை என்றால் அந்த மூன்று வருஷமும் 7½ என்று நம்பினவர்கள் ஏமாந்தவர்கள். இதில் எதை ஒப்புக் கொள்ளுகின்றார்கள்?

உத்தராயணத்தின் யோக்கியதையும் இதுவேயாகும். தை முதல் நாளில்தான் சூரியன் வடக்கே திரும்புகின்றது என்றும், அதன் பிறகு செத்தால் மோட்சம் என்றும், அதற்காகவே பீஷ்மர் அம்புப் படுக்கையில் காத்துக் கிடந்தார் என்றும் கதை சொல்லுகின்றார்கள். உண்மையில் சூரியன் திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22ந் தேதியில். பூமியின் சுழல் அச்சு மெள்ளத் திசை மாறுவதால் 72 வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் பிசகுகின்றது. சுமார் 1700 வருஷத்துக்கு முன் சரியாயிருந்த கணக்கைத் திருத்தாமலே வைத்துக் கொண்டதால் இன்று மூன்று வாரத்துக்கு மேல் பிசகி நிற்கின்றது. விஞ்ஞானி மேகநாத் சாகா தலைமையில் 1952இல் நியமிக்கப்பட்ட பஞ்சாங்கச் சீர்திருத்தக் கமிட்டியும் 1955இல் இந்தப் பிசகைச் சொல்லியாகி விட்டது. பஞ்சாங்கங்களோ இன்றும் ஜனவரி 14, 15ந் தேதியையே உத்தராயண புண்ணிய காலம் என்று அச்சடிக்கின்றன. பொங்கல் கொண்டாட உழவனுக்குச் சூரியன் திரும்ப வேண்டியதில்லை. நெல் வீடு வந்தால் போதும்.

நாம் சொல்லுவதையும் நம்ப வேண்டாம். நாலடிக் கம்பு ஒன்றைச் சமதரையில் செங்குத்தாக நட்டு, நடுப்பகலில் நிழல் மிகக் குறுகும் போது அளந்து பாருங்கள். சென்னையில் டிசம்பர் 21ந் தேதி நிழல் ஏறக்குறைய மூன்றடி இருக்கும். பொங்கலன்று அளந்தால் இரண்டு அங்குலத்துக்கு மேல் குறைந்திருக்கும். சூரியன் முன்பே திரும்பி விட்டது என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சம் வேறென்ன வேண்டும்?

"கிரகணத்தைப் பஞ்சாங்கம் சரியாகச் சொல்லுகின்றதே" என்பார்கள். அது கூட்டல் கழித்தல். கற்றவன் எவனும் போடலாம். ராகு என்பதே சந்திரனின் பாதையும் சூரியனின் பாதையும் வானில் குறுக்கிடும் ஓர் இடத்துக்கு இட்ட பெயரேயொழிய, அங்கே ஒரு கூழாங்கல் கூடக் கிடையாது. இல்லாத ஒன்றுக்கு நம் கூலியில், நம் வியாபாரத்தில், நம் பெண்டு பிள்ளைகளின் உயிரில் பங்கு கொடுப்பானேன்?

தோழர்களே! ராகுகாலத்திலேயே வேண்டுமென்று நடத்தப்பட்ட சுயமரியாதைத் திருமணங்கள் எத்தனையோ. அந்தத் தம்பதிகளை ராகு விழுங்கி விடவில்லை. 1967இல் சட்டமும் அத்திருமணங்களைச் செல்லும் என்று ஒப்புக் கொண்டது. ஆகவே அடுத்த திங்கட்கிழமை 8 மணிக்கே வேலைக்குப் புறப்படுங்கள். நோயாளி இருந்தால் காலண்டரைப் பாராமல் வண்டியைக் கூப்பிடுங்கள். நாள் ஒன்றுக்கு ஒன்றரை மணி வீதம் வாரத்துக்கு 10½ மணி நேரம் புரோகிதப் புரட்டுக்குப் பறிகொடுத்தது போதும்.