தாய்மொழித் தலையீடு என்னும் எளிய விடை

ஆங்கில அயல்வினாவில் தமிழ் மாணவர் செய்யும் பிழைக்குத் தாய்மொழித் தலையீடே காரணம் என்று எழுதிவிடுவது ஒப்பீட்டு இலக்கண ஆய்வேடுகளில் எளிதாகிவிட்டது. இம்முடிபு மறுஆய்வுக்குரியது.

ஆங்கில நேர்வினாவில் துணைவினை எழுவாய்க்கு முன் வரும்: ‘வேர் இஸ் ஹி?’ அவ்வினா வேறொரு தொடருக்குள் அடங்கும்போது எழுவாயே முன் நிற்கும்: ‘ஐ டோன்ட் நோ வேர் ஹி இஸ்’. நம் மாணவரோ ‘ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹி’ என எழுதுகின்றனர்.

இவ்விடமாற்றம் தமிழில் எங்குள்ளது? தொல்காப்பியம் ஆ, ஏ, ஓ என்னும் மூன்றையும், நன்னூல் அவற்றோடு எ, யா ஆகியவற்றையும் வினாவெழுத்துகளாகக் கொள்ளும். வினாப்பொருளுக்கு எழுத்தும் சொல்லுமே போதும். சொற்கள் இடம்பெயர வேண்டுவதில்லை. ‘அவன் எங்கே இருக்கிறான்?’ என்பதும் ‘அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை’ என்பதும் ஒரே வரிசையின. தமிழின் வரிசைதான் ஆங்கிலத்துள் புகுகிறதெனில், மாணவர் நேர்வினாவில் தவறி, அயல்வினாவில் தப்பியிருக்க வேண்டும். ‘வேர் யூ ஆர் கோயிங்?’ என்னும் பிழைக்கு அவ்விளக்கம் பொருந்தும். ‘ஐ டோன்ட் நோ வேர் டஸ் ஹி லிவ்’ என்பதற்குப் பொருந்தாது. அங்குள்ள ‘டஸ்’ என்னும் துணைவினைக்கு நிகரான சொல்லே தமிழ் வினாவில் இல்லை. இல்லாதது எவ்வாறு தலையிடும்?

தமிழிலிருந்து செல்வது சொல்வரிசையன்று, ‘என்று’ என்பதன் இயல்பு என்பதே என் கருத்து. ‘என்று’ தனக்கு முன்வரும் வினாவின் வரிசையைக் குலைக்காமல் ஏற்கும். மாணவரும் அரிதின் முயன்று கற்ற ஆங்கில நேர்வினாவைப் பிரிக்க மனமின்றி முழுதாகப் பொருத்துகின்றனர். அயர்லாந்து ஆங்கிலத்தில் ‘ஐ ஆஸ்க்ட் ஹிம் வாஸ் ஹி கமிங்’ என்பது பிழையன்று, வழக்கு. ஐரிஷ் மொழியும் நேர்வினாவின் வடிவை மாற்றாமல் அயல்வினாவில் ஆள்வது இங்கு நோக்கத்தக்கது. எனினும் ஆப்பிரிக்க அமெரிக்கர் ஆங்கிலத்திலும் இவ்வமைப்பு உண்டு. ஆதலின் தாய்மொழியை மட்டும் காரணமாக்குதல் அங்கும் எளிதன்று.

மாணவர் விடைத்தாள்களைத் தொகுக்கும் ஆய்வாளர் இரு பிழைகளையும் ஒரே தலைப்பில் எண்ணுதல் கூடாது. ‘ஹூ கேம்’ போல வினாச்சொல்லே எழுவாயாகும் தொடர்களையும் விலக்க வேண்டும். அங்கு ஆங்கிலத்திலும் இரு வரிசையும் ஒன்றே. எஞ்சியவற்றுள், நேர்வினாவைப் பிழையற எழுதுவோரே அயல்வினாவில் மிகுதியாகத் தவறுகின்றனரா என்று பார்க்க வேண்டும். அவ்வாறு இல்லையெனில் என் கருத்தும் கைவிடத்தக்கதே.