மேட்டூர் நிலவரம் படிக்கும் மாணவர்கள்

நாளிதழ்களின் ஓர் ஓரத்தில் மேட்டூர் அணை நிலவரம் வரும்: நீர்மட்டம் இத்தனை அடி, வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள்கூட இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி என்று கையேட்டிலேயே இருக்கிறதே, அது போதாதா?

போதாது. குறுவைக்குத் தண்ணீர் திறக்கும் ஜூன் 12-ஐ ஒட்டி அந்த நாலு வரியைத் தொடர்ந்து பார்க்கத் தொடங்கும் பிளஸ் டூ மாணவிக்கு, காவிரி பிறக்கும் கர்நாடகக் குடகில் மழை வலுத்தால் சில நாட்களில் இங்கே வரத்து கூடுவது பிடிபடும். விநாடிக்குச் சுமார் 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி, அதாவது நூறு கோடி கன அடி, என்று நோட்டின் ஓரத்தில் அவரே கணக்குப் போட்டுவிடலாம். அதன்பிறகு காவிரிச் செய்தி இரண்டு மாநிலங்களின் வெறும் சண்டையாகத் தெரியாது.

கைபேசியிலும் செய்தி வருகிறது, வேகமாகவே. ஆனால் கிரிக்கெட் பார்த்தவருக்கு அது மேலும் கிரிக்கெட்டைத்தான் காட்டும். நாளிதழிலோ, விளையாட்டுப் பக்கத்துக்குப் போகும் வழியிலேயே அணை, நெல் கொள்முதல், டெண்டர் அறிவிப்பு எல்லாம் குறுக்கே வரும்.

காசுதான் தடை என்றால், பொது நூலகத்தில் பேப்பர் இலவசம். மாதாந்திர ‘நடப்பு நிகழ்வுகள்’ கையேடு தேர்வுக்கு முந்தைய வாரத்துக்கு உதவும். அதை மட்டும் நம்பியவரிடம் ‘குறுவைப் பரப்பு ஏன் குறைந்தது?’ என்று நேர்முகத் தேர்வில் கேட்டால் திணறத்தான் வேண்டும்.