வண்டியின் உண்மையான பெயர் நம்பர் பிளேட்டில் இல்லை

ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். உங்கள் பைக்கின் சேஸிஸ் நம்பர் எங்கே அடித்திருக்கிறது என்று தெரியுமா? நம்பர் என்ன என்று கேட்கவில்லை. எங்கே இருக்கிறது என்றுதான் கேட்கிறேன்.

எங்கள் வகுப்பில் வண்டி வைத்திருக்கும் 11 பேரிடம் இதையே கேட்டுப் பார்த்தேன். சரியாகக் காட்டியவர்கள் 2 பேர். ஒருவன் சைலன்சரைக் காட்டினான். இன்னொருவன் "ஆர்.சி. புக்லதான் இருக்கு" என்றான். சிரிக்காதீர்கள், போன வருஷம் வரைக்கும் நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன். அதற்கு எங்கள் வீட்டில் கொடுத்த விலை 34,000 ரூபாய்.

கதையைச் சொல்லிவிடுகிறேன். என் பெரியம்மா மகன், எனக்கு அண்ணன். பார்சல் டெலிவரி வேலைக்குச் சொந்த வண்டி இருந்தால்தான் எடுப்போம் என்று சொல்லிவிட்டார்கள். பெரியம்மா சீட்டு எடுத்துப் பணம் கொடுத்தார். "நீ காலேஜ் படிக்கிறவன், விவரம் தெரியும், கூடப் போய்ப் பாருடா" என்று என்னையும் அனுப்பினார். அந்த "விவரம் தெரியும்" என்ற வார்த்தை இன்றைக்கும் காதில் ஒலிக்கிறது.

தெரிந்தவர் சொன்ன ஒரு புரோக்கர். கறுப்பு ஸ்ப்ளெண்டர், 2017 ரெஜிஸ்ட்ரேஷன். "சிங்கிள் ஓனர் தம்பி, வாத்தியார் வண்டி, ஸ்கூலுக்கும் வீட்டுக்கும் மட்டும்தான் ஓடுனது." எல்லா செகண்ட் ஹாண்ட் வண்டியும் வாத்தியார் வண்டிதான் போல! நானும் பெரிய நிபுணர் மாதிரி கிக்கரை உதைத்தேன். புகை வருகிறதா என்று பார்த்தேன், டயரைத் தடவினேன், செயின் தளர்ந்திருக்கிறதா என்று ஆட்டினேன். நம்பரை எம்-பரிவாகன் செயலியில் போட்டேன். மாடல் சரி, நிறம் சரி, தேதி சரி. ஆர்.சி.யும் கையில் இருக்கிறது. அதே மாதிரி வண்டி வேறு இடங்களில் 40,000 சொன்னார்கள், இவர் 34,000-க்கு இறங்கினார். அண்ணன் முகத்தில் ஒரே சந்தோஷம்.

ஒரே ஒரு நொடி, ஆர்.சி.யில் இருக்கும் நீளமான நம்பரை வண்டியில் தேடலாமா என்று தோன்றியது. குனிந்தேன். புரோக்கர் சிரித்துக்கொண்டே, "என்ன தம்பி, நம்பிக்கை இல்லையா?" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. நிமிர்ந்துவிட்டேன்.

ஃபாரம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, "பேர் மெதுவா மாத்திக்கலாம்" என்றார். மெதுவாகத்தான் போனோம், 5 மாதம் போகவே இல்லை. ஒரு நாள் இரவு வாகனச் சோதனை. ஏட்டு ஒருவர் டார்ச் அடித்து ஹேண்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தார், ஆர்.சி.யைப் பார்த்தார், மறுபடி குனிந்தார். வண்டி ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. கூடவே அண்ணனும்.

விஷயம் இதுதான். அந்த நம்பர் பிளேட்டும் ஆர்.சி.யும் நிஜமானவை, ஆனால் விபத்தில் நொறுங்கிப் பழைய இரும்புக் கடைக்குப் போன வேறொரு ஸ்ப்ளெண்டருடையவை. அதே நிறத்தில் ஒரு வண்டியைப் பக்கத்து மாவட்டத்தில் திருடி, இந்த பிளேட்டை மாட்டியிருக்கிறார்கள். சேஸிஸ் நம்பரை ராவவும் இல்லை, மாற்றி அடிக்கவும் இல்லை. அப்படியே தெளிவாக இருந்தது! யாரும் குனிந்து பார்க்கமாட்டார்கள் என்று திருடனுக்கு அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நானும் காப்பாற்றிவிட்டேன்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த செமஸ்டரில் எங்களுக்கு வணிகச் சட்டம் ஒரு பேப்பர். 1930-ஆம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 27. தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவன் இன்னொருவனுக்குக் கொடுக்க முடியாது. லத்தீனில் நெமோ டாட் க்வாட் நான் ஹாபெட். பரீட்சையில் அழகாக எழுதி மார்க்கும் வாங்கினேன். திருடனுக்கு வண்டியில் உரிமை இல்லை, அதனால் அவனிடம் வாங்கிய புரோக்கருக்கு இல்லை, அவரிடம் வாங்கிய எங்கள் அண்ணனுக்கும் இல்லை. நல்ல மனசோடு, முழுப் பணம் கொடுத்து வாங்கினேன் என்று அழுதாலும் திருட்டு வண்டி உண்மையான சொந்தக்காரருக்குத்தான் போகும். போனது. அதுதான் நியாயமும்கூட. அவரும் நம்மைப் போல ஒருவர்தானே.

அப்படியானால் கொடுத்த பணம்? அதே சட்டத்தின் பிரிவு 14 படி, விற்பவனுக்கு விற்கும் உரிமை இருக்கிறது என்பது சொல்லாமலே அடங்கிய நிபந்தனை. அது பொய்யானால் வாங்கியவர் விலையைத் திரும்பக் கேட்கலாம். இங்கிலாந்தில் 1923-ல் ரோலண்ட் எதிர் டிவால் என்று ஒரு வழக்கு. திருட்டு காரை வாங்கிச் சில மாதம் ஓட்டியவருக்கும் முழு விலையையும் திருப்பிக் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். பி.காம். படித்தவர்களுக்கு இந்த வழக்கு மறக்காது. ஆனால் பாடப் புத்தகத்தில் ஒன்று மட்டும் எழுதியிருக்கவில்லை. திருப்பிக் கேட்க ஆள் வேண்டும். எங்கள் புரோக்கர் போன் அன்றைக்கே ஸ்விட்ச் ஆஃப்.

இன்னொரு பயமும் இருந்தது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கி வைத்துக்கொள்வது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 317 படி குற்றம் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 411). "நம்பக் காரணம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். 40,000 பெறும் வண்டி 34,000-க்குக் கிடைத்தது ஏன் என்று ஸ்டேஷனில் கேட்டபோது அண்ணனிடம் பதில் இல்லை. நல்லவேளை, அவர் ஏமாந்தவர் என்று புரிந்துகொண்டு சாட்சியாக்கிவிட்டார்கள். ஆனாலும் 9 நாள் ஸ்டேஷனுக்கு அலைந்ததில் டெலிவரி வேலை போய்விட்டது.

இப்போது என் கருத்தைச் சொல்கிறேன். நாம் வண்டி வாங்கும்போது காகிதத்தைக் காகிதத்தோடும், செயலியை நம்பர் பிளேட்டோடும் ஒப்பிடுகிறோம். இரும்பை யாரும் பார்ப்பதில்லை. நம்பர் பிளேட் என்பது 2 திருகாணி. அதைச் செயலியில் போட்டால் அந்த நம்பருக்கு உரிய வண்டி எது என்று சொல்லும். உங்கள் முன்னால் நிற்பது அந்த வண்டிதானா என்று அதற்கு எப்படித் தெரியும்? காகிதத்தையும் வண்டியையும் சேர்த்துக் கட்டும் முடிச்சு அந்தச் சேஸிஸ் நம்பர்தான். வண்டியின் உண்மையான பெயர் அது.

அந்தப் பெயர் கொஞ்சம் பேசவும் செய்யும். மொத்தம் 17 எழுத்தும் எண்ணும். ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வராது, ஒன்று, பூஜ்யத்தோடு குழம்பும் என்பதால். முதல் மூன்று எழுத்து தயாரித்த நிறுவனம். எம்.பி.எல். என்று ஆரம்பித்தால் ஹீரோ, எம்.டி.2 என்றால் பஜாஜ், எம்.டி.6 என்றால் டி.வி.எஸ். நம்மூர் பைக்குகள் பெரும்பாலானவற்றில் 10-வது எழுத்து வருடம். 2015-க்கு எஃப், 2016-க்கு ஜி, 2017-க்கு எச். ஐ கிடையாது என்பதால் 2018-க்கு ஜே, 2019-க்கு கே. ஸ்டேஷனில் நான் முதல்முறையாக அந்த நம்பரைப் பார்த்தபோது 10-வது எழுத்து கே. ஆர்.சி.யில் 2017! வண்டி தன் காகிதத்தைவிட 2 வயது இளையது. "பழைய வண்டியா இருந்தாலும் என்னமா இழுக்குது" என்று அண்ணன் பெருமைப்பட்டதன் ரகசியம் அதுதான்.

சரி, இனி வாங்கப் போகிறவர்களுக்கு, நான் பட்டுத் தெரிந்துகொண்ட வரிசை:

1. கையில் ஒரு துணியும் போன் டார்ச்சும். பைக்கில் பெரும்பாலும் பெட்ரோல் டேங்குக்கு முன்னால், ஹேண்டில் திரும்பும் தலைக் குழாயில் சேஸிஸ் நம்பர் இருக்கும். இன்ஜின் நம்பர் இன்ஜினின் அடிப்பக்கத்தில், எண்ணெய்ப் பிசுக்குக்குள் இருக்கும். துடைத்துவிட்டு ஒவ்வொரு எழுத்தாக ஆர்.சி.யோடு வாய்விட்டுப் படியுங்கள். கடைசி 4 எண் மட்டும் பார்ப்பது போதாது.

2. நம்பரைச் சுற்றி ராவிய தடம், புது பெயின்ட், பொருந்தாத எழுத்து, கோணல் வரிசை இருந்தால் பேரம் பேசாமல் நடையைக் கட்டுங்கள். இன்ஜின் மாற்றியதாகச் சொன்னால் அது ஆர்.சி.யில் பதிவாகியிருக்க வேண்டும்.

3. 2019 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த வண்டிக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் உண்டு. அந்த வருடத்து வண்டியில் சாதா பிளேட் இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

4. ஆர்.சி.யில் ஹெச்.பி. என்று ஃபைனான்ஸ் பெயர் இருக்கிறதா? "டியூ எல்லாம் முடிஞ்சிருச்சு" என்ற வாய்வார்த்தை வேண்டாம். ஃபாரம் 35-ம் ஃபைனான்ஸ் என்.ஓ.சி.யும் வேண்டும். இல்லையென்றால் ஒரு நாள் சீஸ் பண்ண ஆள் வரும்.

5. இ-சலான் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டால் பாக்கி அபராதம் தெரிந்துவிடும். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் தளத்தில் ரெஜிஸ்ட்ரேஷன், சேஸிஸ், இன்ஜின் நம்பர்களைக் கொடுத்துத் திருட்டுப் புகார் இருக்கிறதா என்று பார்க்கலாம். ஆனால் பிளேட்டிலும் காகிதத்திலும் இருப்பதை அல்ல, இரும்பிலிருந்து நீங்கள் படித்த நம்பரைப் போடுங்கள்! நாங்கள் அதைச் செய்திருந்தால் 10 நிமிட வேலை.

6. பேர் மாற்றுவதைத் தள்ளிப் போடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 50 படி விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் தெரிவிக்க வேண்டும். விற்பவர்களும் கவனியுங்கள். வண்டி பல கை மாறிப் போயிருந்தாலும், விபத்து நடந்தால் பதிவேட்டில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

7. வண்டி நொறுங்கி இரும்புக்குப் போட்டால் ஆர்.சி.யையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். பிரிவு 55 படி 14 நாளில் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும். எங்கள் கதையில் அந்த முதல் ஓனர் இதைச் செய்திருந்தால் திருடனுக்குக் காகிதமே கிடைத்திருக்காது.

"இப்படியெல்லாம் பார்த்தால் எவன் வண்டி கொடுப்பான்? நம்மூரில் எல்லாம் பழக்கத்தில்தானே நடக்கிறது" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் யோசித்துப் பாருங்கள், சோதிப்பதால் யாருக்கு நஷ்டம்? ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். 2001-ல் நோபல் பரிசு வாங்கியவர்களில் ஒருவர். அவர் சொன்னதைச் சுருக்கினால், எது நல்ல வண்டி, எது மோசமான வண்டி என்று வாங்குபவருக்குப் பிரித்துப் பார்க்க முடியாதபோது எல்லாவற்றுக்கும் குறைந்த விலையே கேட்பார். நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனசில்லாமல் ஒதுங்கிவிடுவார். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது ஓட்டை வண்டிதான். அதாவது நாம் குனிந்து பார்க்காததால் நஷ்டப்படுவது நாம் மட்டுமல்ல, நேர்மையாக விற்பவரும்தான். குனிந்து பார்ப்பது அவருக்குச் செய்யும் மரியாதை. கோபப்படுகிறவர் யார் என்பதே ஒரு தகவல்தான்.

இது வெறும் தத்துவம் இல்லை. 7 மாதம் கழித்து, கடன் வாங்கி, அண்ணன் மறுபடி ஒரு வண்டி பார்த்தார். இந்த முறை பழைய எக்ஸ்.எல். விற்றவர் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர். நான் தயங்கித் தயங்கி, "ஐயா, தப்பா நினைக்காதீங்க, சேஸிஸ் நம்பர் மட்டும் பாத்துக்கிறோம்" என்றேன். அவர் கடைக்குள் போனார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். ஒரு துணியில் மண்ணெண்ணெய் நனைத்துக்கொண்டு வந்து, அவரே தொடைத்துவிட்டு, "கண்ணாடி போடலப்பா, நீயே படி" என்றார். நான் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன், அண்ணன் ஆர்.சி.யில் விரல் வைத்துச் சரிபார்த்தார். 17-ம் சரி. அடுத்த வாரமே பேர் மாற்றியாகிவிட்டது.

பெரியம்மா இதுவரை என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேனோ என்னவோ.

இதைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். வெளியே போய் உங்கள் வண்டியின் சேஸிஸ் நம்பரைத் துடைத்து ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். நாளைக்கு உங்கள் வண்டியே காணாமல் போனால், அதை யாருக்கோ விற்றிருந்தாலும், அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட அந்த ஒரு போட்டோ உதவும்.