கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள்!

கிண்ணம் நிறையத் தண்ணீர். அதில் மிதக்கும் உறைத் துண்டுகள். பசை இளகியதும் தபால்தலை தனியாகக் கழன்று வரும். அதைச் செய்தித்தாளுக்கு நடுவே வைத்து உலர்த்தி ஆல்பத்தில் ஒட்டுவார்கள். முப்பது நாற்பது வருடங்களுக்கு முன் பள்ளிக்கூடம் போன பலருக்கும் இந்தக் கோடை விடுமுறைக் காட்சி நினைவிருக்கும்.

அந்தச் சந்தோஷத்தில் குப்பைக்கூடைக்குப் போனது என்ன என்று யாரும் யோசித்ததில்லை. தபால்தலை தப்பித்தது. கடிதம் நடந்து வந்த பாதை தொலைந்தது.

தபால்தலை சேகரிப்பவர்களிடையே ஒரு தனி ரகம் உண்டு. அஞ்சல் வரலாறு சேகரிப்பவர்கள். இவர்கள் உறையை வெட்டவே மாட்டார்கள். முகவரி, தபால்தலை, புறப்பட்ட ஊரின் முத்திரை, வழியில் ரயிலிலோ துறைமுகத்திலோ விழுந்த முத்திரை, பின்பக்கத்தில் வந்து சேர்ந்த ஊரின் முத்திரை எல்லாம் ஒரே தாளில் இருந்தால்தான் அவர்களுக்கு மதிப்பு.

அமெரிக்காவில் இதற்குப் பெரிய கூட்டமே இருக்கிறது. அந்நாட்டின் மேற்குப் பகுதிகள் மாநிலங்கள் ஆவதற்கு முன் 'டெரிட்டரி' என்ற பெயரில் இருந்தன. டகோட்டா 1889-ல் இரண்டு மாநிலங்களானது. அரிசோனா 1912-ல் மாநிலமானது. அதற்கு முன் அங்கிருந்து போன உறைகளைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். தங்கமோ வெள்ளியோ கிடைத்ததும் முளைத்த ஊர்கள், அது தீர்ந்ததும் காலியாகிவிட்டன. பல இடங்களில் இன்று நாலு சுவர்கூட இல்லை. ஆனால் ஊர்ப் பெயர் உறைமேல் வட்ட முத்திரையாக அப்படியே இருக்கிறது.

தங்கத்துக்குப் பதில் முத்து என்று வைத்துக்கொண்டால், அதே கதை நம் மன்னார் வளைகுடாவிலும் நடந்திருக்கிறது.

1903 முதல் 1907 வரை தொடர்ந்து ஐந்து வருடங்கள் இலங்கைக் கரையில் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது. தூத்துக்குடியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் குளியாட்கள் தோணி ஏறிப் போனார்கள். மறிச்சுக்கட்டி என்ற மணல்வெளியில் சில வாரங்களுக்குள் ஒரு நகரமே எழும்பும். பல ஆயிரம் பேர், ஓலைக் கொட்டகைகள், கடைத்தெரு, நீதிமன்றம், மருத்துவமனை, தபால் ஆபீஸ். சீசன் முடிந்ததும் எல்லாவற்றையும் பிரித்து எடுத்துவிடுவார்கள். மறுபடி வெறும் மணல். இந்தப் பக்கம் தூத்துக்குடிக் கரையிலும் 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை.

முத்தைவிட நீண்ட காலம் தூத்துக்குடியைக் கொழும்போடு இணைத்தது தபால்தான். 1876-ல் ரயில் தூத்துக்குடிக்கு வந்தது. சென்னையிலிருந்து ரயிலில் வரும் பயணிகளும் தபால் பைகளும் இங்கே கப்பல் ஏறினால் மறுநாள் கொழும்பு. வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி வெள்ளைக்காரக் கம்பெனியோடு மல்லுக்கு நின்றதும் இதே கடல்வழிக்காகத்தான்.

1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்ததும் வழி மாறியது. 'போட் மெயில்' தனுஷ்கோடிக்குப் போனது. அங்கிருந்து தலைமன்னாருக்குச் சிறு கடல் பயணம். ஐம்பது வருடம் ஓடிய அந்த வழியையும் 1964 டிசம்பர் புயல் துடைத்துப் போட்டது. தனுஷ்கோடியின் பழைய தபால் ஆபீஸ் இன்று சுற்றுலா வருகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொள்ளும் இடிந்த சுவர். அந்த ஊர் முத்திரை விழுந்த ஓர் உறை எங்கேயாவது பத்திரமாக இருந்தால், அங்கே தினமும் தபால் பை பிரிக்கப்பட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

இந்தக் கரையில் கொழும்பில் கடை வைத்திருந்த குடும்பங்கள் எத்தனை! மலையகத் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்த தாத்தா, பாட்டிக்குப் போட்ட கடிதங்கள் இன்னும் சில வீட்டு டிரங்குப் பெட்டிகளில் கிடக்கின்றன. அவற்றைப் படிக்கச் சில குறிப்புகள்.

தேதி தெரியவில்லையா? தபால்தலையில் விக்டோரியா ராணி இருந்தால் அது பெரும்பாலும் 1901-க்கு முன்னே பின்னே வந்தது. உறையை யாரோ பிரித்துச் சீட்டு ஒட்டி மூடியிருந்தால், அநேகமாக இரண்டாம் உலகப் போர்க்காலத் தணிக்கை. முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு. தூத்துக்குடி முகவரியில் 'திருநெல்வேலி ஜில்லா' என்றிருந்தால் 1986-ல் மாவட்டம் பிரிவதற்கு முந்தையதாக இருக்கலாம். பழக்கத்தில் அப்படியே எழுதியவர்களும் உண்டு என்பதால் முத்திரையையும் பாருங்கள்.

இன்னொரு விஷயம். வ.உ.சி.க்கு 1972-ல் அரசு தபால்தலை வெளியிட்டது. அன்றைக்கே முத்திரை குத்தி விற்கும் 'முதல் நாள் உறை' அழகானதுதான். ஆனால் அது எந்த ஊருக்கும் போகாமலே ஆல்பத்துக்குள் உட்கார்ந்துவிடும். அஞ்சல் வரலாறு தேடுபவர் அதைவிட, அதே தபால்தலை ஒட்டி நிஜமாகவே ஊர்விட்டு ஊர் போன சாதாரண உறையைத்தான் முதலில் எடுப்பார்.

பழைய உறை என்றாலே லட்சக்கணக்கில் விலை போகும் என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம். பெரும்பாலானவற்றுக்குச் சொற்ப விலைதான். அதற்காகப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுவதும் நியாயமில்லை. வீட்டுக்கு அவற்றின் மதிப்பு வேறு.

உப்புக்காற்று வீசும் ஊரில் காகிதம் சீக்கிரம் கெடும். செலோடேப் ஒட்டாதீர்கள், பசை நாளடைவில் பழுப்பேறும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம், பிறகு பிரிக்க முடியாது. ரப்பர் பேண்டு, குண்டூசி, ஸ்டேப்ளர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஈரமும் வெயிலும் படாத அலமாரியில் தட்டையாக வையுங்கள். அவ்வப்போது திறந்து ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். கடிதத்தை உறையிலிருந்து பிரித்து வேறெங்கோ வைக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும்.

கடைசியாக, வீட்டில் மூத்தவர் இருந்தால் ஒரு சாயங்காலம் பக்கத்தில் உட்காருங்கள். "இந்தக் கடுதாசி யார் போட்டது, ஆச்சி?" என்று கேட்டு, பதிலைத் தனித்தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். முத்திரை ஊரையும் தேதியையும் சொல்லிவிடும். எழுதியவர் யார், அவர் திரும்பி வந்தாரா என்பதை ஆச்சிதான் சொல்ல முடியும்.