திரை வந்தது, அட்டையும் வேண்டுமா?

மாணவர்களே, கணினி விளையாட்டைப் பற்றித் தமிழ்ப் பாடத்தில் படிப்பதா என உங்களுள் சிலர் வியக்கலாம். வீட்டில் ஒரு பொருளை வாங்குவது குறித்த பேச்சு எந்த மொழியில் நடக்கிறதோ, அந்த மொழியில் அதனை எழுதவும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். எங்கள் குடும்பத்தில் அப்பேச்சு தமிழில்தான் நடந்தது. சில நாள்களில் சற்று உரத்த குரலிலும் நடந்தது.

தில்லி ராமகிருஷ்ணபுரத்தில் என் அக்காள் குடும்பம் வாழ்கிறது. அவர் மகன் பத்தாம் வகுப்பு மாணவன். சென்ற தீபாவளிக்கு என் அத்தான் அவனுக்குப் புதிய கணினித் திரை ஒன்றை வாங்கித் தந்தார். மூலைக்கு மூலை 27 அங்குலம். கிடைவரிசையில் 2,560 படப்புள்ளிகள், செங்குத்தாக 1,440. நொடிக்கு 144 முறை காட்சியைப் புதுப்பிக்க வல்லது. 'கேமிங் மானிட்டர்' என்று கடைகளில் இதனைத்தான் சொல்கிறார்கள். பெட்டியைப் பிரித்த அன்று வீட்டில் திருவிழாதான். அடுத்த வாரம் அவன் முகம் வாடிவிட்டது. பழைய திரையில் வழுக்கிக்கொண்டு ஓடிய மகிழுந்துப் பந்தயம், புதிய திரையில் திக்கித் திக்கி நகர்ந்தது.

அத்தானும் அவனும் நேரு பிளேஸ் கணினிச் சந்தைக்குச் சென்றனர். கடைக்காரர் ஒருவர் முழுவதையும் கேட்குமுன்பே, "கார்டை மாற்றியே ஆகவேண்டும்" என்று இந்தியில் தீர்ப்புக் கூறிவிட்டார். 'கிராபிக்ஸ் கார்டு' என நாம் வீட்டில் வழங்கும் வரைகலை அட்டையைத்தான் அவர் குறிப்பிட்டார். அதற்கு ஆகும் தொகை, கோடை விடுமுறையில் திருநெல்வேலிக்குச் சென்று ஆச்சியைப் பார்த்துவர ஒதுக்கி வைத்திருந்த தொகைக்கு ஏறத்தாழச் சமமாக இருந்தது. "மாமா, நீங்கள் சொன்னால் அப்பா கேட்பார்" என்று மருமகன் எனக்குத் தொலைபேசியில் அழைத்தான். அவனுக்காகப் பேச வேண்டியவன் நான். ஆயினும் அட்டை இப்போது வேண்டாம் என்றே கருதினேன். பயணச் செலவை மட்டும் எண்ணி அந்த முடிவுக்கு வரவில்லை.

முதலில் அவன் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அதில் பொய் இல்லை. பழைய திரையில் கிடைவரிசையில் 1,920, செங்குத்தாக 1,080 எனப் படப்புள்ளிகள் மொத்தம் 20,73,600. புதியதில் 36,86,400. ஒவ்வொரு காட்சியையும் வரைய அட்டைக்கு ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு வேலை கூடிவிட்டது. வேகத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் நிலைமை இன்னும் கடினம். முன்பு நொடிக்கு 60 காட்சிகள் போதும்; அதாவது நொடிக்கு ஏறத்தாழ 12 கோடி புள்ளிகள். இப்போது 144 காட்சிகளையும் நிரப்ப வேண்டுமானால் 53 கோடி புள்ளிகள் வேண்டும். அவனிடம் இருப்பதோ என்விடியா நிறுவனம் 2019-இல் வெளியிட்ட ஜிடிஎக்ஸ் 1650. 4 ஜிகாபைட் நினைவகம் கொண்ட எளிய அட்டை. 2020-இல் இணையவழி வகுப்புகளுக்காக வாங்கிய கணினியோடு வந்தது. ஒற்றை மாட்டு வண்டியில் நான்கு மாட்டுச் சுமையை ஏற்றினால் மாடு என்ன செய்யும்?

ஆனால் சுமை முழுவதையும் ஏற்றியே தீரவேண்டும் என்று யார் சொன்னது? அவன் வாதத்தில் நான் மாறுபடும் இடம் இதுதான். "இவ்வளவு விலை கொடுத்துத் திரை வாங்கிவிட்டோம், 144-ஐயும் எட்டாவிட்டால் அந்தப் பணம் வீண்தானே?" என்று அவன் கேட்டான். திரைக்குக் கொடுத்த பணம் கொடுத்தாயிற்று. அட்டையை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அது திரும்பி வராது. இனிச் செலவிடப்போகும் பணத்துக்கு என்ன கிடைக்கும் என்பது மட்டுமே கேள்வி. மேலும், நல்ல திரை பல ஆண்டுகள் உழைக்கும். அட்டையோ அதற்குள் ஒருமுறையாவது பழையதாகிவிடும். ஆகவே திரையை முதலில் வாங்கியது பிழையன்று. இரண்டையும் ஒரே மாதத்தில் வாங்கவேண்டும் என்பதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். அக்காள் கொடுத்த காபி ஆறுவதற்குள் முதல் வியப்பு கிடைத்தது. கணினியின் காட்சி அமைப்புகளைத் திறந்து பார்த்தால், புதிய திரை நொடிக்கு 60 முறைதான் புதுப்பித்துக்கொண்டிருந்தது! விண்டோஸில் நாமே சென்று 144 என்று மாற்றாவிட்டால் பல நேரங்களில் அது 60-லேயே நின்றுவிடும். பழைய திரையின் எச்டிஎம்ஐ வடத்தையே இதற்கும் மாட்டியிருந்தான். பெட்டியுடன் வந்த டிஸ்பிளேபோர்ட் வடம் உறை கிழியாமல் கிடந்தது. வடத்தை மாற்றி, அமைப்பையும் மாற்றினோம். சுட்டியின் அம்புக்குறி திரையில் நகர்வதைப் பார்த்ததும் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். 60 முறை புதுப்பித்தால் அடுத்த காட்சிக்கு ஏறத்தாழ 16.7 மில்லிநொடி காத்திருக்க வேண்டும்; 144 எனில் 7 மில்லிநொடிக்கும் குறைவு. கண் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை, கை உணர்ந்துகொள்கிறது. மூன்று வாரங்களாக அந்தத் திரையின் சிறப்பைக் காணாமலேயே அதன் குறையைப் பற்றி வீடே வாதாடிக்கொண்டிருந்தது.

இருப்பினும் பந்தயம் இன்னும் திக்கியது. எனவே ஒரு சோதனை செய்தோம். அட்டை வாங்க எண்ணும் எவரும் கடைக்குப் போவதற்குமுன் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை இது. செலவு ஒரு காசும் இல்லை. விளையாட்டின் படத் தெளிவை மட்டும் 1,280-க்கு 720 எனக் குறைத்து, நொடிக்கு எத்தனை காட்சிகள் வருகின்றன என்று பார்க்கவேண்டும். எண்ணிக்கை துள்ளி ஏறினால், தடையாக நிற்பது வரைகலை அட்டை. ஏறாமல் நின்றால், தடையாக நிற்பது கணினியின் மையச் செயலி. அப்போது எவ்வளவு விலையுயர்ந்த அட்டையைச் செருகினாலும் பயன் சிறிதே. பந்தயத்தில் எண்ணிக்கை இருமடங்குக்கும் மேல் ஏறியது. மருமகன் வெற்றிப் பார்வை பார்த்தான். அவன் நண்பர்களோடு நாள்தோறும் ஆடும் துப்பாக்கி விளையாட்டில் அதே சோதனையைச் செய்தோம். எண் ஏறக்குறைய அசையவே இல்லை. என் பங்குக்கு நானும் ஒரு பார்வை பார்த்தேன்.

ஆக, புதிய அட்டை அவனுக்கு ஒரு விளையாட்டில் பெரிதும் உதவும். மிகுதியாக ஆடும் மற்றொன்றில் அவ்வளவாக உதவாது. கடைக்காரர் இதனை எப்படி அறிவார்? அவர் கேட்கவும் இல்லை.

பந்தயத்துக்கு வேறு வழிகளும் இருந்தன. நிழல்களின் தரத்தை உச்சத்திலிருந்து நடுத்தரத்துக்கு இறக்கினோம். பாய்ந்து செல்லும் வண்டியில் இருந்துகொண்டு மரத்தின் நிழலை யார் உற்றுப் பார்க்கிறார்கள்? பரப்புகளின் நுணுக்கத்தையும் ஒருபடி குறைத்தோம். 4 ஜிகாபைட் நினைவகம் நிரம்பி வழிந்ததே பெரும்பாலான திக்கலுக்குக் காரணம் என்பது அப்போது விளங்கிற்று. பிறகு, காட்சியைச் சிறிதாக வரைந்து, கணக்கிட்டுப் பெரிதாக்கிக் காட்டும் முறையை இயக்கினோம். என்விடியாவின் 'டிஎல்எஸ்எஸ்' முறைக்கு ஆர்டிஎக்ஸ் வரிசை அட்டைகள் வேண்டும். ஏஎம்டி நிறுவனம் 2021-இல் வெளியிட்ட 'எஃப்எஸ்ஆர்' அத்தகைய கட்டுப்பாடு இல்லாமல் இந்தப் பழைய அட்டையிலும் இயங்குகிறது. விளையாட்டை வெறுமனே 1,080 வரிசைக்கு இறக்கியிருந்தால் படம் மங்கலாகியிருக்கும். 1,440-ஐ 1,080-ஆல் வகுத்தால் முழு எண் வராதல்லவா, ஒரு புள்ளியை ஒன்றேகால் புள்ளியில் சற்றே கூடுதலாகப் பரப்ப வேண்டியிருக்கும். 'எஃப்எஸ்ஆர்' படத்தில் இலைகளின் விளிம்பு சிறிது நடுங்கியது உண்மை. அதனை மருமகன்தான் சுட்டிக்காட்டினான், எனக்குத் தெரியவில்லை. இளங்கண்ணுக்கு முன் நான் வாதாடவில்லை.

இனிச் செலவின் கணக்கு. சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் என்பார்கள். அவனுடைய அட்டை 75 வாட் மின்திறனைத் தாய்ப்பலகையின் செருகுவாயிலிருந்தே பெற்றுக்கொள்கிறது. அவன் விரும்பிய ஆர்டிஎக்ஸ் 3060-க்கு 170 வாட் வேண்டும். அதற்கெனத் தனி மின்வடம் வேண்டும். அக்கணினியின் பவர் சப்ளையில் அந்த வடமே இல்லை. ஆகவே பவர் சப்ளையையும் மாற்றவேண்டும். அதை மாற்றினால் குறுகிய பெட்டிக்குள் புதிய அட்டை நுழையுமா என்று அளந்து பார்க்கவேண்டும். நுழைந்துவிட்டால் பழைய மையச் செயலி அதற்கு ஈடுகொடுக்குமா என்ற கேள்வி எழும். கடையில் ஒட்டியிருந்த விலை அட்டைக்கு மட்டுமே உரியது. இடையில் அத்தான், "இதே அட்டையில் இன்னொன்றை வாங்கிப் பக்கத்தில் செருகினால் என்ன?" என்று கேட்டார். நல்ல கேள்வி, ஒரு காலத்தில் அதுவும் நடந்தது. 2004-இல் என்விடியா இரண்டு அட்டைகளை இணைத்து ஓட்டும் வசதியை அறிமுகப்படுத்தியது. இந்த அட்டைக்கு அவ்வசதி கிடையாது. புதிய விளையாட்டுகளும் அதனைக் கைவிட்டுவிட்டன.

நான் இவ்வளவு தயங்குவதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. 2021-இல் எனக்கென ஓர் அட்டை வாங்கினேன். மறைக்குறிப் பணத்தை ஈட்டுவதற்காக உலகெங்கும் அட்டைகளைக் குவித்துக்கொண்டிருந்த காலம் அது. கையிருப்பு ஒன்றுதான், நாளை விலை ஏறும் என்று ஒரு கடையில் சொன்னதை நம்பி, உரிய விலையைப்போல் ஏறக்குறைய இருமடங்கு கொடுத்தேன். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்னும் பணம் அட்டைகள் தேவையற்ற முறைக்கு மாறிற்று. பயன்படுத்திய அட்டைகள் சந்தையில் வந்து குவிந்தன. என்னுடையதைப் போன்ற ஒன்றை ஒருவர் பாதி விலைக்கும் குறைவாக வாங்கியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆனால் 'பொறுத்திரு' என்னும் அறிவுரைக்கும் ஓர் எல்லை உண்டு. அடுத்த ஆண்டு இதைவிட நல்ல அட்டை வரும். அதற்கடுத்த ஆண்டு அதனினும் நல்லது வரும். அப்படிக் காத்திருந்தால் எவரும் எதையும் வாங்க இயலாது. பிள்ளைப் பருவமும் காத்திராது. ஆகவே மருமகனிடம் எல்லையைத் தெளிவாகவே சொன்னேன். அவன் உண்மையிலேயே ஆட விரும்பும் ஒரு விளையாட்டு, எல்லாத் தரங்களையும் குறைத்த பிறகும் நொடிக்கு 50 காட்சிகளைத் தராத நாள் வருமானால், அன்று நானே அத்தானிடம் பேசுவேன். செலவிலும் பங்கு கொள்வேன். அதுவரை அட்டையின் வேகத்துக்கு ஏற்பத் திரை தன் புதுப்பிப்பை மாற்றிக்கொள்ளும் 'ஃப்ரீசிங்க்' வசதி அந்தத் திரையிலேயே இருக்கிறது. அதனையும் அன்றுதான் இயக்கினோம்.

அவன் முழுமையாக ஒப்புக்கொண்டான் என்று சொல்லமாட்டேன். இலைகளின் நடுக்கத்தை இன்னும் குறை கூறுகிறான். கோடையில் நிஜாமுதீன் நிலையத்திலிருந்து திருக்குறள் விரைவு வண்டியில் நால்வரும் புறப்பட்டார்கள். வண்டி மதுரையைத் தாண்டியதும் அவனிடமிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது: "மாமா, பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் மறுபடியும் அந்தச் சோதனையைச் செய்வோம். இந்த முறை நான் தேர்ந்தெடுக்கும் விளையாட்டில்."

சரி என்று பதில் எழுதினேன்.