கோயம்பேட்டுக் கழிவுநீர் சுத்தமாகிறது. நம் வீட்டுக் கழிவுநீர்?

2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு, சென்னை மக்கள் குடங்களோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அதே ஆண்டின் இறுதியில் கோயம்பேட்டில் மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு நிலையம் திறக்கப்பட்டது. வீடுகளிலிருந்து வரும் கழிவுநீரை நுண்வடிகட்டி, ஆர்.ஓ. முறையில் சுத்தமாக்கி, இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சிப்காட் வளாகங்களுக்குக் குழாய் வழியே அனுப்புகிறார்கள். நிலையத்தின் திறன் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர். ஏரித் தண்ணீரைத் தொழிற்சாலைகள் எடுப்பது அந்த அளவுக்குக் குறைகிறது.

இப்படிச் சுத்தமாக்கிய தண்ணீர் மார்க்கப்படி தூய்மையானதா என்று சிலர் கேட்கிறார்கள். சவூதியின் மூத்த உலமாக்கள் சபை 1978-லேயே இதை ஆராய்ந்தது. நிறம், மணம், சுவை மூன்றிலும் நஜீஸின் அடையாளம் முற்றிலும் நீங்கிவிட்டால் அந்த நீர் தூய்மையானது, உளுச் செய்யலாம் என்றும், உடல்நலம் கருதிக் குடிப்பதைத் தவிர்ப்பது நல்லது என்றும் முடிவு செய்தது.

ஆனால் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. தொழிற்சாலைக்குச் சுத்தமான நீர் வருகிறது. அங்கே வேலை செய்கிறவர்கள் குடியிருக்கும் தெருக்களின் கழிவுநீர் எங்கே போகிறது?

பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத வீட்டுக்குச் செப்டிக் டேங்க்தான் கதி. ஐந்து பேர் குடும்பத்துக்குக் கட்டிய தொட்டியின் மேல் மாடி எழுப்பி, இருபது பேருக்கு அறைகளை வாடகைக்கு விட்டால் அது தாங்காது. வழிந்து மழைநீர்க் கால்வாயில் கலக்கும். கழிவு அள்ளும் லாரி சுத்திகரிப்பு நிலையம் வரை போகாமல் வழியிலேயே திறந்துவிட்டாலும் இதே கதைதான். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் செம்பரம்பாக்கத்துக்குத்தான் போகிறது. சென்னை குடிக்கும் ஏரி அது. நகரத்தின் கழிவு சுத்தமாகி இங்கே வருகிறது. இங்குள்ள கழிவு சுத்தமாகாமல் நகரத்தின் குடிநீரை நோக்கிப் போகிறது!

காரணம் தொழில்நுட்பக் குறைவு அல்ல. கோயம்பேட்டு நீரைக் காசு கொடுத்து வாங்கத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. நம் தெருக் கழிவுநீருக்கு வாங்குவார் இல்லை. அதனால் உள்ளாட்சி நிர்வாகம்தான் செலவிட வேண்டும். மக்கள் கேட்டால்தான் அது நடக்கும்.

தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். மக்கள் தண்ணீர் எடுக்கும் இடத்தை அசுத்தம் செய்வது சாபத்துக்குரிய செயல் என்றும் எச்சரித்தார்கள். ஒருவர் செய்தாலே இந்த எச்சரிக்கை என்றால், ஓர் ஊரே செய்வதை என்னவென்பது?

வாடகைக்கு விடும் சகோதரர்கள், குடியிருப்போர் எண்ணிக்கைக்கு ஏற்பத் தொட்டியைப் பெரிதாக்குங்கள். இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை உரிமம் பெற்ற லாரியை அழைத்துச் சுத்தம் செய்யுங்கள். எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்று கேளுங்கள். எந்த மனிதரையும் தொட்டிக்குள் இறக்காதீர்கள். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் அப்படி இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஜமாஅத்கள் முதலில் பள்ளிவாசலின் கழிவுநீர் எங்கே போகிறது என்று பார்க்கட்டும். பிறகு வார்டு உறுப்பினரிடமும் கிராம சபையிலும் பாதாளச் சாக்கடை பற்றிக் கேட்கட்டும்.

நம் வாசலில் நஜீஸ் இல்லை என்பதோடு தூய்மை முடிந்துவிடாது. அது அடுத்தவர் குடத்தில் போய்ச் சேராமல் பார்ப்பதும் நம் அமானிதம்.